காலுக்கு வைத்தியர் எங்கே?

வேப்பனப்பள்ளி என்பது கிருஷ்ணகிரி ஜில்லாவில், கர்நாடக எல்லைக்கும் ஆந்திர எல்லைக்கும் அருகில், மார்க்கண்டேய நதிப் பக்கத்திலுள்ள ஒரு சிறு ஊராகும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஜனங்கள் அங்கே கலந்து வாழ்கிறார்கள். மந்திரிப்பவன் வேண்டுமா, ஜோசியம் பார்ப்பவன் வேண்டுமா, எண்ணெய் ஓதிக் கொடுப்பவன் வேண்டுமா, மூன்று பாஷையிலும் ஆள் உண்டு. வீடு தேடியும் வருவார்கள். ஆனால் ஒருவனுக்குக் காலில் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துப் போகிறது, இதற்கென்று படித்த வைத்தியர் யார், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது வேப்பனப்பள்ளிக்கு மாத்திரம் உள்ள குறை என்று நாம் சொல்ல வரவில்லை. நம் நாட்டுச் சிற்றூர்கள் எல்லாவற்றின் நிலைமையும் இதுதான். எல்லையோரத்து ஊரானதால் அங்கே குறை கொஞ்சம் கூடுதலாய்த் தெரிகிறது என்பதற்காகவே அதை எடுத்துக் கொண்டோம்.

முதலாவது, இந்த வைத்தியருக்குப் பெயர் என்ன என்பதே நம்மவர்களுக்குத் தெரியாது. ரத்தக்குழாய் ரண சிகிச்சை நிபுணர் என்று சொல்லலாம். வாஸ்குலர் சர்ஜன் என்று போர்டில் எழுதியிருக்கும். இருதயத்துக்கு ஒரு டாக்டர், மூளைக்கு ஒரு டாக்டர் என்று இருப்பது போல, கைகால், கழுத்து, வயிறு முதலிய இடங்களில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கென்றே இருப்பவர் இவர். குழாய் அடைத்துக் கொண்டால் திறப்பதும், அறுந்து போனால் தைப்பதும், வீங்கிப் புடைத்தால் மாற்றுக் குழாய் வைப்பதும், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்து கொள்ளுகிறவர்களுக்குக் கையில் குழாயைச் சேர்த்து வழி செய்து கொடுப்பதும் இவருடைய வேலையாகும்.

இரண்டாவது, நம் பேச்சு வழக்கே நம்மைத் தவறான வாசலில் கொண்டு போய் விட்டுவிடுகிறது. ரத்தம் ஓடும் குழாயும் நரம்பு, உணர்ச்சி செல்லும் தந்தியும் நரம்பு, சதையை எலும்போடு பிணைத்திருக்கும் கயிறும் நரம்பு என்று மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துக் கொண்டிருக்கிறோம். கெண்டைக்காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டால் அதற்கு நரம்புச் சுருட்டல் என்று பெயர். காலுக்கு ரத்தம் போதாமல் நடக்கும்போது பிடித்துக் கொண்டால் நரம்பு இழுக்கிறது என்கிறோம். உடனே நரம்பு டாக்டரைத் தேடிக் கொண்டு போய், அவர் தம் வேலையல்ல என்று சொன்ன பிறகு எலும்பு டாக்டரிடம் போய், அங்கிருந்து தைலம் தேய்ப்பவனிடம் வந்து, இப்படி மாதக்கணக்காய் அலைகிறோம். இதில் அந்த டாக்டர்களைக் குற்றம் சொல்லுவதில் பயனில்லை. குழாய்க்கும் தந்திக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாத ஜனங்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? ஆகவே தோழர்கள் இனிமேல் ரத்தம் ஓடுவதை ரத்தக்குழாய் என்றே சொல்லிப் பழக வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். சொல் சரியானால் பாதி வழி சரியாகும்.

நிற்க, மீதிப் பாதி வழியை அடைத்துக் கொண்டு நிற்பது சனியும், செய்வினையும், முன் ஜென்மத்துப் பாவமும் ஆகும். நாற்பது வயது கூட ஆகாத ஒருவனுக்குக் கால் விரல் நுனியில் புண் வருகிறது, ஆறவில்லை, கறுக்கிறது, ராத்திரியில் வலி பொறுக்க முடியாமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தே விடிய வைக்கிறான். ஜோசியனிடம் கேட்டால் சனி காலைப் பிடித்திருக்கிறது என்கிறான். ஆனால் அந்த மனிதன் பத்துப் பன்னிரண்டு வயது முதல் பீடியைப் பிடித்துக் கொண்டிருப்பதை அந்த ஜோசியன் கேட்பதும் இல்லை, கேட்டாலும் அவன் பஞ்சாங்கத்தில் பீடிக்கு இடமும் இல்லை. இந்த வியாதியைப் பற்றி 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற டாக்டர் விவரமாய் எழுதினார். அவர் பெயராலேயே அது பர்கர் வியாதி எனப்படுகிறது. புகையிலையை அடியோடு விட்டவனுக்குக் கால் தப்ப வழியுண்டு; விடாதவனுக்கு விரலில் ஆரம்பித்துப் பாதம், கெண்டை, முழங்கால் என்று மேலே மேலே வெட்டிக் கொண்டு போக வேண்டியதுதான் என்பது டாக்டர்கள் கண்ட அனுபவம். சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு, அந்த விளக்கிலேயே பீடியைப் பற்ற வைத்துக் கொண்டு வந்தால் சனி என்ன செய்வான்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கால் வியாதி தீர வெள்ளித் தகட்டில் கால் செய்து கோவில் உண்டியலில் போடுகிறார்கள். உண்டியலுக்குப் போன கால் பத்திரமாய் இருக்கிறது. கட்டிலில் கிடக்கிற கால் அழுகிப் போகிறது.

இது ஏழைக்கும் பாமரனுக்கும் மட்டும் வருகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். இந்தியாவுக்குச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தைக் கடைசியாய் வைத்திருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஓயாமல் சிகரெட்டுப் பிடித்தவர். 1948-ம் வருஷக் கடைசியில் அவர் வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக் கொண்டு காலையே எடுக்க நேரிடுமோ என்ற நிலைமை வந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் போக இருந்த பிரயாணத்தைத் தள்ளி வைத்தார்கள். அவர் இங்கிலாந்து சர்ச்சுக்கே தலைவர். அவருக்காகப் பிரார்த்தனை செய்யக் கோவில்களுக்கும் பாதிரிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் 1949 மார்ச்சில் எடின்பரோவிலிருந்து ஜேம்ஸ் லியர்மவுண்ட் என்ற ரண வைத்தியரைத் தருவித்து, அரண்மனையிலேயே ஓர் அறையை ஆபரேஷன் அறையாக்கி, குழாய்களைச் சுருக்கிப் பிடிக்கும் உணர்ச்சித் தந்திகளை இடுப்புப் பக்கத்தில் அறுத்துவிட்டார்கள். கால் தப்பியது. ராஜாவுக்கு வைத்தியர் வீட்டுக்கே வந்தார். வேப்பனப்பள்ளிக் குடியானவன் வைத்தியரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதானே தவிர, இருவர் காலிலும் ஓடுவது ஒரே ரத்தம், அடைப்பதும் ஒரே மாதிரி அடைப்பு.

இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1894-ல் பிரான்சு தேசத்துக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ என்பவரை லியோன் நகரத்தில் ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் அறுந்து போயிற்று. தேசத்துக்கே தலைவராய் இருந்தும் அந்தக் குழாயைத் தைக்கத் தெரிந்த வைத்தியர் ஒருவரும் இல்லாததால் அவர் செத்துப் போனார். அந்த ஊரில் வைத்தியம் படித்துக் கொண்டிருந்த அலெக்ஸிஸ் கரேல் என்ற வாலிபர், துணி கிழிந்தால் தைக்கிறோமே, குழாய் கிழிந்தால் ஏன் தைக்க முடியாது என்று யோசித்தார். சாஸ்திரத்தைப் புரட்டவில்லை, லெரூதியே அம்மாள் என்கிற பூவேலைக்காரியிடம் போய் மெல்லிய ஊசியும் பட்டு நூலும் கொண்டு தைக்கப் பழகிக் கொண்டார். 1902-ல் தம் முறையை வெளியிட்டார். 1912-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கரேலே 1902-ல் லூர்து மாதா கோவிலுக்குப் போய், சாகக் கிடந்த ஒரு பெண் தேறியதைக் கண்டு மயங்கியவர்தான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் லூர்தில் கண்டதைக் கொண்டு இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு குழாயையும் ஒட்ட வைக்க முடியவில்லை; பூவேலைக்காரியிடம் கற்றதைக் கொண்டுதான் உலகமெங்கும் தைக்கிறார்கள்.

அதற்குப் பிற்பாடு 1963-ல் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்கர், நுனியில் சிறு பலூன் கட்டிய ஒரு மெல்லிய குழாயை வெளியிட்டார். ரண வைத்தியர்கள் கையில் மாட்டும் ரப்பர் உறையின் விரலை வெட்டி, மீன் தூண்டிலுக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி முடிந்து அந்தப் பலூனை அவர் ஆரம்பத்தில் செய்தார். அதை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, பலூனை ஊதி, ரத்தக் கட்டியை வெளியே இழுத்துவிடலாம். தையற்காரியின் ஊசியும் தூண்டில்காரனின் முடிச்சும் காப்பாற்றுகிற காலை, எந்த ரிஷியின் தவமும் காப்பாற்றியதில்லை.

ஆனால் இவ்வளவும் நேரத்தோடு போகிறவனுக்குத்தான். திடீரென்று ஒரு காலோ கையோ தாங்க முடியாமல் வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போய், விரலை அசைக்க முடியாமல் ஆகிவிட்டால், உள்ளே ரத்தக் கட்டி வந்து அடைத்துக் கொண்டது என்று சந்தேகிக்க வேண்டும். இருதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கும், வால்வு கெட்டவர்களுக்கும் இது வருவதுண்டு. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப ஓடினால் கால் பிழைக்கும். அதற்கு மேல் போகப் போகச் சதை செத்துக் கொண்டே போகும். இந்த ஆறு மணி நேரத்தில் நம்மவர்கள் செய்வது என்ன? வெந்நீர் ஒத்தடம். உணர்ச்சியில்லாத காலில் வெந்நீர் ஊற்றினால் வெந்து போவது கூடத் தெரியாது. அப்புறம் எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். வீங்கிய காலுக்குள் சிரைக் குழாயில் கட்டி இருந்தால், உருவுகிற உருவலில் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளையே கொன்றுவிடக் கூடும். எலும்பு முறிந்தால் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள்; பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்குகிறார்கள். இறுக்கிய கட்டுக்குக் கீழே விரல் நீலமாகி, பிறகு கறுப்பாகும்போது விஷம் இறங்கவில்லை என்கிறார்கள். விஷம் அல்ல தோழர்களே, ரத்தம் இறங்கவில்லை.

மெதுவாய் வருகிற அடைப்பும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர், புகை பிடிப்பவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர் ஆகியவர்களுக்குக் குழாயின் உட்புறம் கொழுப்புப் படிந்து குறுகி வரும். குறிப்பிட்ட தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் பிடிக்கும். வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க முதலில் பெரிய மிஷின் ஒன்றும் வேண்டியதில்லை. நம் நாட்டில் நாடி பார்ப்பதைப் பற்றி எவ்வளவு பெருமை பேசுகிறோம்! மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், சிலேத்துமம் எல்லாம் சொல்லிவிடுகிறார்களாம். ஆனால் அந்தக் கையைப் பாதத்தின் மேல் வைத்துப் பார்க்க யாரும் குனிவதில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராகப் பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாடி துடிக்கும்; உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று துடிக்கும். நல்ல உடம்பு உள்ள சிலருக்குக் கூட மேற்பாதத்து நாடி இயற்கையாய்த் தட்டுப்படாமல் இருக்கலாம் என்பதால் இரண்டையும், இரண்டு காலிலும் பார்க்க வேண்டும். துடிப்புத் தட்டுப்படாமல் காலில் புண்ணோ வலியோ இருந்தால் தாமதம் கூடாது. டாப்ளர் என்ற சிறு கைக்கருவி ஒன்று இருந்தால் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கலாம். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் குறைந்தால் குழாயில் வியாதி என்று ஒரு நர்சே கண்டு சொல்லிவிடலாம். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு இந்தக் கணக்குத் தப்பிப் போவதுண்டு. அதை டாக்டர் பார்த்துக் கொள்வார்.

சரி, வைத்தியரை எப்படித்தான் கண்டுபிடிப்பது? சொல்லுகிறோம். திடீர் அடைப்பானாலும், விபத்தில் குழாய் அறுந்தாலும் நிபுணரைத் தேடி நீங்கள் அலையக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, கால் சில்லிட்டு நாடி இல்லை என்று அந்த வார்த்தையிலேயே சொல்லி, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குப் போக வேண்டும். ரத்தம் மேலும் உறையாமலிருக்கும் ஹெப்பாரின் என்ற ஊசியை டாக்டர் தகுதி பார்த்து அங்கேயே போட்டு, மேற்கொண்டு எங்கே அனுப்புவது என்பதையும் போனில் பேசிவிட்டே அனுப்பும்படி கேட்க வேண்டும். பேசாமல் அனுப்பினால், போன இடத்தில் ஆள் இல்லை என்று சொல்லி இன்னொரு இடத்துக்கு ஓட வேண்டி வரும்.

அவசரமில்லாத வியாதியானால் நிதானமாய் விசாரிக்கலாம். பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். என்றோ டி.ஆர்.என்.பி. என்றோ போட்டு, அதோடு வாஸ்குலர் சர்ஜரி என்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருட்டலை லேசரால் ஒரே நாளில் எரித்துவிடுவோம் என்று பஸ்ஸின் முதுகில் விளம்பரம் செய்கிறவர்கள் எல்லோரும் அடைத்த குழாயைத் திறக்கத் தெரிந்தவர்கள் என்று நம்பிவிடக் கூடாது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனி இலாகா உண்டு. வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியிலும் உண்டு. பெங்களூரில் பல இடங்களில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 250 கிலோமீட்டர். பெங்களூர் சுமார் 90. பாஷையும் நம் எல்லைக்காரர்களுக்குத் தடையில்லை. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எதில் செல்லாது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டுக் கொள்ளாவிட்டால், கிட்டே இருக்கிற பெங்களூர் கடனால் தூரமாய்ப் போய்விடும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிற தொழிலாளிகள் தங்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையின் மூலம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு பெற உரிமையுண்டு என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் எல்லை இருபுறமும் உண்டு. அவர்கள் அழைத்துப் போகிற இடத்தை விட அவர்கள் பேச்சை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியிலானாலும், எந்த டாக்டரானாலும், காலை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னால், "ஐயா, ரத்தக்குழாய்ப் படம் எடுத்துப் பார்த்தாயிற்றா? ரத்தக்குழாய் டாக்டர் ஒருவர் பார்த்தாரா?" என்று மரியாதையாய், ஆனால் விடாமல் கேட்க வேண்டும். சில சமயம் உயிரைக் காப்பாற்ற உடனே எடுக்க வேண்டியதும் வரும். அதை டாக்டரே விளக்குவார். ஆனால் கேட்காமலே கையெழுத்துப் போட்ட கால்கள் எத்தனையோ! கை நாட்டு வைத்தவன் மகன் படித்தவனாயிருந்தும் கேட்பதில்லை. டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறான். கடவுளைக் கேள்வி கேட்காதே என்று பழக்கியவர்களால் வந்த வினை இது.

இனிச் சர்க்கார் விஷயத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாவாய் இருந்தது. 1965-ல் தருமபுரி ஜில்லா பிரிந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் கலெக்டர் கிட்டே வந்தார், போலீஸ் சூப்பிரண்டு கிட்டே வந்தார், கோர்ட்டு கிட்டே வந்தது. 2022 ஜனவரியில் பதினோரு புது மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தபோது கிருஷ்ணகிரிக்கும் ஒன்று வந்தது. இது நல்ல காரியம், சந்தோஷப்படுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட நிபுணர்களைத் தயார் செய்வதும் வைத்துக் கொள்ளுவதும் பெரும்பாலும் பெரிய பட்டணங்களோடு நின்றுவிடுகிறது. சிறு ஊர் ஒவ்வொன்றிலும் ரத்தக்குழாய் நிபுணரை வை என்று நாம் கேட்கவில்லை. அது நடக்கிற காரியமும் அல்ல. ஒரு நிபுணர் கை பழக வேண்டுமானால் அவருக்குப் போதிய நோயாளிகளும், படம் எடுக்கும் மிஷினும், மயக்க மருந்து டாக்டரும், ரத்த வங்கியும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆனால் ஜில்லாவுக்கு ஒருவர் என்பது பேராசையா? சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட நாட்டில், எல்லையில் தொழிற்சாலையும் கல் குவாரியும் நெடுஞ்சாலையும் நிறைந்த ஜில்லாவில், அறுந்த குழாயைத் தைக்க ஆறு மணி நேரத்துக்குள் ஓர் ஆள் கிடைக்க வேண்டும் என்பது பேராசையா?

அன்றியும் செலவில்லாமல் நாளைக்கே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியது இதே கிருஷ்ணகிரி ஜில்லாவில் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' என்று இன்னொரு திட்டத்தையும் தமிழ்நாடு சர்க்கார் எடுத்துக் கொண்டிருக்கிறது. மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற அந்தப் பெண்மணி, கை நீட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறார். அவரே குனிந்து செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் புண் இருக்கிறதா, இரண்டு நாடியும் துடிக்கிறதா என்று பார்த்து ஒரு சீட்டில் குறித்தால், வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் யார் யார் கால் ஆபத்தில் இருக்கிறது என்பது வருஷத்துக்குள் தெரிந்து போகும். பிறகு அந்தச் சீட்டை வைத்துக் கொண்டு நிபுணர் மாதம் ஒரு நாள் கிருஷ்ணகிரிக்கு வந்தால் கூடப் போதும். வருகிறவருக்கு யாரைப் பார்ப்பது என்பது தெரிந்திருக்கும்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகிறது. அதில் தெரு விளக்கையும் சாக்கடையையும் பற்றித் தீர்மானம் போடுகிற தோழர்கள், தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கை டாப்ளர் கருவியும், அதை வைத்துப் பார்க்கப் பழகிய ஒரு நர்சும், மாதம் ஒரு நாள் கால் பரிசோதனையும் வேண்டும் என்று ஒரு தீர்மானத்தையும் சேர்த்து எழுதி, நகலைக் கலெக்டருக்கும் ஜில்லாச் சுகாதார அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த சபையில், பதில் வரவில்லை என்பதையே இரண்டாவது தீர்மானமாக எழுதி அனுப்பலாம்.